277 பேர் போனார்கள், பெயர் எங்கே?

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கீழே காய்கறிக் கடையும் ஆட்டோ இரைச்சலுமாக இருக்கும் இடத்தில் அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறது. அவ்வளவுதான். போன 277 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. செத்த 14 பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

எந்தத் தெருவிலிருந்து போனார்கள்? யாருடைய அப்பன், யாருடைய பிள்ளை? மெசபடோமியாவில் செத்தானா, பிரான்சில் செத்தானா? கல் பேசாது.

ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச் சின்னமும் இதே கதைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கை மட்டும். இந்த ரெஜிமென்டில் இத்தனை பேர், அந்த ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று மூட்டைக் கணக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதை 2021இல்தான் வாய்விட்டு ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் சுமைதூக்கிகளுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று அதன் அறிக்கை சொன்னது. மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்து.

இப்போது இன்னொரு கல்லுக்கு வருவோம். புனேவுக்குப் பக்கத்தில் பீமா நதிக்கரையில் கோரேகான். 1818 ஜனவரி 1ஆம் தேதி பேஷ்வா படையோடு நடந்த சண்டையில் செத்த கம்பெனிச் சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரன் நட்ட தூண். இந்தக் கல்லில் பெயர்கள் இருக்கின்றன. 49 பெயர்கள். அதில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. 'நாக்' என்றால் மகர். இடுப்பில் துடைப்பமும் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று பேஷ்வா ஆட்சி யாரை வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிறதோ, அந்த மகர்.

1927 ஜனவரி 1ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் அந்தத் தூணின் முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து அது வெள்ளைக்காரனின் வெற்றித்தூண் இல்லை. ஒவ்வொரு ஜனவரி 1க்கும் லட்சக்கணக்கில் மக்கள் போகிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அங்கே பெயர் இருந்ததால் பாபாசாகேப் போய் நிற்க முடிந்தது. இங்கே 277 என்ற எண் முன்னால் நாம் எப்படிப் போய் நிற்பது?

இதற்காகத்தான் நாங்கள் பட்டாளத்துத் தாத்தாக்களைப் பேச வைக்கிறோம்.

எங்கள் பக்கத்துச் சேரிகளில் தெருவுக்கு ஒரு 'மிலிட்டரி வீடு' உண்டு. தகர டிரங்குப் பெட்டி, அதற்குள் டிஸ்சார்ஜ் புக், மங்கிப்போன ரிப்பனோடு மெடல், மூலையில் கறுத்த ஒரு குரூப் போட்டோ. பெரியவர் செத்ததும் பெட்டி பரணுக்குப் போகும். மருமகள் ஒருநாள் இடம் இல்லையென்று பழைய இரும்புக்காரனிடம் போடுவாள். அவள் மேல் தப்பில்லை. அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பெட்டி போவதற்கு முன்னால், ஆள் போவதற்கு முன்னால், ஊர் கூடிக் கேட்க வேண்டும் என்றுதான் படிப்பக வாசலில் இந்தப் பேச்சுகளைத் தொடங்கினோம். ஒரு மைக், இரண்டு பாய், ஒரு தாத்தா. வேறு ஏற்பாடு எதுவும் இல்லை.

முதல் கூட்டத்தில் பேசியவர் 1971 போருக்குப் போனவர். வயது எண்பதை நெருங்குகிறது. அதற்கு முந்தின குடியரசு தினத்தன்று ஒரு பள்ளியில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பேசுவதற்கு முன் ஒருவர் காதோரம் வந்து, "ஐயா, போரைப் பத்தி மட்டும் சொல்லுங்க, ஊர் விஷயமெல்லாம் வேணாம்" என்றாராம். அவரும் எல்லையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

எங்கள் படிப்பகத்தில்தான் மீதியைச் சொன்னார். போர் முடிந்து முதல் லீவில் வருகிறார். யூனிஃபார்ம், காலில் பூட்ஸ், தோளில் கிட் பேக். பஸ் நிற்பது ஊர்த்தெரு முனையில். சேரிக்குப் போக அந்தத் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் அப்பா பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தவர், மகனைக் கட்டிப்பிடிக்கவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார். "கழட்டிக் கையில எடுத்துக்கடா. தெருவத் தாண்டினதும் போட்டுக்கலாம்."

"எதிரி சுட்டப்போ குனியல. எங்கப்பன் குனிஞ்சப்போதான் எனக்கு உசுரு போச்சு" என்றார் தாத்தா.

கூட்டத்தில் சத்தமே இல்லை. அவருடைய பேரன் கல்லூரியில் படிக்கிறான். அவனும் அன்றைக்குத்தான் இதைக் கேட்கிறான்.

தோழர்களே, பள்ளி மேடை கேட்டது பாதிக் கதை. இந்த நாடு நம்மிடம் எப்போதும் கேட்பது அந்தப் பாதியைத்தான். குண்டு வாங்கிய பாதி வேண்டும். பூட்ஸ் கழற்றிய பாதி வேண்டாம். 'ராணுவத்தில் சாதி இல்லை, எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்' என்ற வரிக்குக் கைதட்டு விழும். 'ஊருக்கு வந்தால் தனி கிளாஸ்' என்ற வரிக்கு மைக் ஆஃப் ஆகும். தேசபக்தி என்ற பெயரில் நடக்கும் இந்த வெட்டி ஒட்டும் வேலையைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

ராணுவத்தில் சாதி இல்லையாம். அந்த வரியையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

சென்னை மாகாணப் படையில் கம்பெனி காலத்திலிருந்தே பறையர்கள் சிப்பாய்களாக இருந்தார்கள். குழி வெட்டி, பாலம் கட்டி, சுரங்கம் வைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையில் கணிசமாக இருந்தார்கள். அப்புறம் வந்தது 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு. அதை முன்னால் நின்று நடத்தியவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர், அப்புறம் இந்தியா முழுமைக்கும் தளபதி. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று அவர் முடிவுகட்டினார். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கும் சாப்பர்ஸ் மட்டும் தப்பியது.

மகர்களுக்கு 1890களின் தொடக்கத்தில் கதவு சாத்தப்பட்டது. அதை எதிர்த்து மனு எழுதியவர் கோபால் பாபா வலங்கர், தானே பென்ஷன் வாங்கிய பட்டாளத்துக்காரர். 1910இல் மறுபடி மனு போட்டவர் சிவராம் ஜன்பா காம்ப்ளே. ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், மகர்களுக்கென்று ஒரு படை அமைத்தார்கள். போர் முடிந்தது, அதையும் முடித்தார்கள். மறுபடி போர் வந்தது, 1941இல் மகர் ரெஜிமென்ட் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் பாபாசாகேப். 1943இல் சமார் ரெஜிமென்ட் வந்தது. பர்மா முனையில், கோஹிமாவில் நின்றது. 1946இல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டால் கூப்பிடு, தேவை முடிந்தால் விரட்டு. வயலில் நடப்பதேதான் பட்டாளத்திலும் நடந்தது.

அது வெள்ளைக்காரன் காலம் என்பார்கள். சரி, குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் தவிர வேறு யார் குதிரை ஏறலாம்? மூன்று சாதியிலிருந்துதான் ஆள் எடுக்கிறோம் என்று ராணுவமே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உயரம், தோற்றம், சடங்குத் தேவை என்று காரணமும் சொன்னது. ஆனால் பட்டியல் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டால் 'ராணுவத்தில் சாதி பார்ப்பதில்லை' என்று பதில் வரும்.

இனி நம் பக்கத்துத் தோழர்களுக்கு வருவோம். இந்தப் பேச்சுகளைத் தொடங்கியபோது எங்களை நோக்கி வந்த கேள்விகளில் கடினமானவை வெளியிலிருந்து வரவில்லை.

"ஏகாதிபத்தியத்தின் கூலிப்படைக்கு ஏன் விழா எடுக்கிறீர்கள்?" என்றார் ஒரு தோழர். நியாயமான கேள்விதான். ஆனந்த் டெல்டும்டே 2018 ஜனவரியில் கோரேகான் பற்றி எழுதியபோது இதைவிடக் கூர்மையாகவே கேட்டார். மகர்கள் பேஷ்வாவைப் பழிவாங்கத்தான் சண்டை போட்டார்கள் என்பது பின்னால் கட்டிய கதை, அது நாம் தாண்டிப்போக வேண்டிய அடையாளத்தையே இறுக்குகிறது என்றார். அவரை அரசு என்ன செய்தது தெரியுமா? அதே கோரேகானை ஒட்டிப் போட்ட வழக்கில் 2020 ஏப்ரலில் பிடித்து, 2022 நவம்பர் வரை சிறையில் வைத்தது. கோரேகான் பெருமையை மறுத்து எழுதியவரும் உள்ளே, அந்த வழக்கில் சிக்கிய ஸ்டேன் சுவாமி பிணமாகத்தான் வெளியே. நாம் நினைவுகூர்ந்தாலும் குற்றம், அந்த நினைவைக் கேள்வி கேட்டாலும் குற்றம் என்றால் அரசு பயப்படுவது எதற்கு என்று புரிந்துகொள்ளலாம்.

டெல்டும்டே சொன்னதில் பாதியை ஏற்கிறோம். சிப்பாய் சம்பளத்துக்குத்தான் போனான். சாதி ஒழிக்கக் கிளம்பிப் போகவில்லை. அதை மறைத்துவிட்டுப் புரட்சி வேஷம் கட்டினால் அது பொய். ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. சம்பளத்துக்குப் போனவன் என்னத்தோடு திரும்பி வந்தான்?

எழுத்தோடு வந்தான். பாபாசாகேபின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். பாபாசாகேப் பிறந்ததே மஹூ ராணுவக் குடியிருப்பில்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் வாசலில் நிறுத்திய சாதிக்குப் பட்டாளத்துப் பள்ளி பலகை கொடுத்தது. வலங்கரின் பேனா அங்கிருந்து வந்தது. மாதாமாதம் வரும் பென்ஷன், மிராசுதார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்காமல் கிடைத்த முதல் காசு. இதை வெள்ளைக்காரனின் கருணை என்று சொல்ல மாட்டோம். அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது, நமக்கு வெளியே போக ஒரு வழி வேண்டியிருந்தது. இடுக்கில் காலை வைத்து நம் ஆட்கள் கதவைத் திறந்தார்கள். ஊரில் பண்ணையாளாக இருந்திருந்தால் தூய்மையான எதிர்ப்பாளராக இருந்திருப்பாரா அந்தத் தாத்தா? கூலிப்படை என்று சொல்லும் தோழர், நிலமுள்ள வீட்டுக்காரர் கம்பெனியிடம் வரி வசூலித்துக் கொடுத்து ஜமீன் வாங்கியதை ஏன் கூலி என்று சொல்வதில்லை?

இதற்காகப் பேச வருகிறவரிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மூன்றாவது கூட்டத்தில் பேசியவர் அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்துக்குப் போன ஓட்டுநர். 1987இல் போய் 1990இல் திரும்பியவர். ஒரு மாணவி எழுந்து நேராகக் கேட்டாள்: "தாத்தா, நம்ம ஜனங்க மேலயே துப்பாக்கிய நீட்டினீங்களே, தோணலையா?" கூட்டம் சலசலத்தது. சிலர் அவளை உட்காரச் சொன்னார்கள். நாங்கள் உட்கார வைக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வீட்டுல தண்ணி கேட்டேம்மா. தமிழ்ல கேட்டேன். அந்தம்மா தமிழ்லயே என்னை ஏசிச்சு. அப்புறம் நான் யார்கிட்டயும் தண்ணி கேக்கல" என்றார். அவ்வளவுதான் பதில். அவர் நியாயப்படுத்தவில்லை. நாங்களும் கைதட்டவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் அந்தப் பெண் கற்றதும், பெரியவர் இறக்கி வைத்ததும் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

மூன்றாவதாக ஒரு கும்பல் இருக்கிறது. அது நமக்குள்ளேயே இருக்கிறது. தாத்தாவின் போட்டோவை எடுத்து, பின்னால் சிங்கம் போட்டு, 'போர்க்குடி', 'வீரப் பரம்பரை' என்று ஃபிளெக்ஸ் அடிக்கிற தம்பிகள். தம்பிகளே, ராபர்ட்ஸ் பிரபு சொன்னதும் இதைத்தான்: சண்டை போடும் சாதி, போடாத சாதி என்று உண்டு என்றார். அவர் பட்டியலில் நம் பெயர் இல்லை என்று அழுதுவிட்டு, பெயரைச் சேர்த்துவிட்டால் பட்டியல் சரியாகிவிடுமா? ஆண்ட பரம்பரைப் பேச்சுக்கு நாம் எழுதும் பதில் இன்னொரு ஆண்ட பரம்பரைப் பேச்சாக இருக்க முடியாது.

காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மதராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில், வெடிக்கப்போன கண்ணியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். அவர் என்ன சாதி என்று தேடுவது நம் வேலை இல்லை. நம் மாவட்டப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்பதுதான் நம் வேலை. பெயர் வேண்டும் என்றுதான் சொல்கிறோம், பட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். எங்களுக்குப் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறோம்.

பேச்சுக்கு முன்னால் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்கள். சேர்ந்த தேதி, யூனிட், போன இடங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஞாபகம் தடுமாறும் இடத்தில் அது கை கொடுக்கும். படிவத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், அசலை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பெயர், நம்பர், முகவரி தெரியும்படி எதையும் முகநூலில் போடாதீர்கள்.

'எத்தனை பேரைச் சுட்டீங்க?' என்று கேட்காதீர்கள். 'என்ன சாப்பிட்டீங்க, யார் பக்கத்தில் படுத்தீங்க, லீவில் வந்தப்போ ஊர் எப்படிப் பார்த்தது?' என்று கேளுங்கள். எல்லாம் அதில் வந்துவிடும்.

பாட்டியையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர் எல்லையில் இருந்த வருஷங்களில் வயலுக்குப் போய், பிள்ளை வளர்த்து, மணியார்டருக்காகத் தபால்காரர் பின்னால் அலைந்தவர் அவர். துப்பாக்கி பிடித்தவர்களை மட்டும் அல்ல, சமையலறையில் இருந்தவரை, முடி வெட்டியவரை, கக்கூஸ் கழுவியவரைத் தேடிப் போங்கள். பட்டாளத்திலும் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.

முதல் பேச்சு சேரியில் இருக்கட்டும், அங்கேதான் அவருக்கு வாய் திறக்கும். இரண்டாவது பேச்சை ஊர்ப் பொது இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபையில் பத்து நிமிஷம் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

ஏன் கிராம சபை என்று கேட்பீர்கள். 2020 ஆகஸ்ட் 15இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியாகி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினார். 2022இல் தலைமைச் செயலாளரே, தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 ஆண்டுகள் ஆன பிறகு! எல்லையில் அந்தக் கொடிக்குக் காவல் நிற்க நம் ஆள் வேண்டும், ஊரில் அதன் கயிற்றை இழுக்க நம் கை கூடாது. இந்த முரண்பாட்டை அந்தக் கொடிக் கம்பத்தடியில் நின்று சொல்ல நம் தாத்தாவைவிடத் தகுதியான ஆள் யார்?

இன்னும் ஒரு காரணம் இருக்கிறது, இது இளைஞர்களுக்கு. 2022இல் அக்னிபாத் வந்தது. நான்கு வருஷ வேலை, நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடரலாம், மீதிப் பேர் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் நம் தம்பிகள் இதைத் தெரிந்துகொண்டு ஓடட்டும். தாத்தாவுக்குப் பட்டாளம் கொடுத்தது மூன்று: படிப்பு, பென்ஷன், பண்ணையாரிடமிருந்து விடுதலை. பேரனுக்கு அதில் எது மிச்சம் இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தாத்தாவையும் பேரனையும் ஒரே பாயில் உட்கார வைத்துத்தான் கேட்க முடியும்.

நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அன்று சொல்லப்பட்ட பெயர்களை அதில் எழுதுகிறோம். பேசியவர் பெயர், அவரோடு போய் வராதவர் பெயர், அவருக்கு முன்னால் அதே தெருவிலிருந்து போன அவருடைய அப்பன், பாட்டன் பெயர். அந்த நோட்டில் இன்றைக்கு 277 பெயர் இல்லை. நாற்பத்து மூன்றுதான் இருக்கிறது. போன மாதம் அதில் ஒருவர் காலமானார். பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டியவர்.

அவரை ஊர்த்தெரு வழியாகவே எடுத்துப் போனோம். யாரும் தடுக்கவில்லை. பேரன் முன்னால் நடந்தான். காலில் ஷூ போட்டிருந்தான்.

ஜெய்பீம்.